ஊருணித் தண்ணீர் நிறைத்த பாட்டில்

அய்யா,

இன்று காலை வாசலில் ஜீப் வந்து நின்றபோது நான் முதலில் பார்த்தது இறங்கியவரின் முகத்தை அல்ல, அவர் கையிலிருந்த பாட்டிலைத்தான். காலியான வெள்ளைப் பாட்டில். அதன் மேல் எதுவும் எழுதாத தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மூடியை நூல் போட்டுக் கழுத்தோடு கட்டியிருந்தார்கள். அன்றைக்கு உங்கள் கையில் இருந்ததும் இதே மாதிரிப் பாட்டில்தான்.

அரிசி களைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். யாராவது வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேனே, இன்று அப்படிப் போக முடியவில்லை. மகளுக்காக முன்னால் நின்று பேச நீங்கள் இல்லை.

ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டு நான் வந்தபோது நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. டவுன் பள்ளியில் டீச்சர் பேரைக் கூப்பிட்டால் எனக்கு எழுந்து நிற்க வரும், பதில் சொல்ல வாய் வராது. மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள் பாதி வழியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இவள எவன் கட்டுவான், எங்கன போயிப் பொழைப்பா?" நீங்கள் என் காலில் இருந்த புழுதியைப் பார்த்தீர்கள். "இம்புட்டுத் தூரம் வெயில்ல நடந்தியா ஆத்தா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அதற்கப்புறம் உங்களுக்கு அது ஒன்றுதான் நினைப்பு. வாய் திறக்காமல் செய்கிற வேலை ஒன்று எனக்கு வேண்டும். நம் ஊரை விட்டுப் போகாமல் செய்கிற வேலையாக இருக்க வேண்டும்.

நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி மையம் ஒன்று நம் பக்கம் வரப்போகிறது, அதற்கு இடம் பார்க்கிறார்கள் என்ற சேதியை டீக்கடையில் கேட்டுவிட்டு, குடித்த டீக்குக் காசு கொடுக்க மறந்து நீங்கள் ஓடிவந்த நாள் நினைவிருக்கிறது. நிலம் கொடுக்கிற வீட்டில் ஒருவருக்கு வேலை என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"குஞ்சுக்குத் தீனி போடணும், தொட்டி கழுவணும், தண்ணி மாத்தணும். அம்புட்டுத்தான் ஆத்தா. மீனு ஒங்கிட்டப் பேரு கேக்குமா, ஊரு கேக்குமா?"

நான் சிரித்துவிட்டேன். என்னைச் சிரிக்க வைத்துவிட்ட சந்தோஷத்தில் நீங்கள் அதையே அம்மாவிடமும் போய்ச் சொன்னீர்கள்.

பக்கத்து வீட்டுக் காளிமுத்து மாமாவுக்கு ஒரே கேலி. "என்ன மச்சான், புதுமடத்துல அம்மாம் பெரிய கடலு கெடக்கு. அத விட்டுப்புட்டு இந்தக் கருவக்காட்டுல வந்து மீனு வளக்கப் போறாகளாக்கும்?"

"அது உப்புத் தண்ணி மீனுடா. இது நல்ல தண்ணி மீனு."

"நல்ல தண்ணிக்கு நம்மளே கொடத்தோட அலையுறோம். மீனும் நமக்குப் பின்னால வரிசையில நிக்கட்டும்."

அதைக் கேட்டு நீங்களும் சேர்ந்துதான் சிரித்தீர்கள். மறுநாளே அரிவாளோடு, கண்மாய்க்குக் கீழே நம் புஞ்சையில் மண்டிக் கிடந்த சீமைக் கருவையை வெட்டப் போய்விட்டீர்கள். கருவை முள் உங்கள் உள்ளங்காலில் ஏறி, நான் ஊக்கால் நோண்டி எடுத்தேன். வலியில் முகம் சுளித்துக்கொண்டே, தொட்டிகள் எங்கே வரும், நான் எந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அதிகாரிகள் வந்த அன்று நீல சட்டை போட்டிருந்தீர்கள். பெரியவர் ஒருவரும், இன்று ஜீப்பில் வந்து இறங்கிய இந்த அக்காவும் வந்திருந்தார்கள். புஞ்சையில் குழி வெட்டி, அடிமண்ணை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பந்தாக உருட்டி மேலே எறிந்து பிடித்தார் பெரியவர். பந்து உடையவில்லை. "குளம் வெட்டினா தண்ணி நிக்கும்" என்றார். நீங்கள் அந்தப் பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கைத் துலக்கும்போது அதை மட்டும் கையால் தொடாமல் சுற்றித் துடைப்பேன்.

பிறகு பெரியவர் பாட்டிலை உங்களிடம் கொடுத்து, "ஒங்க போர்த் தண்ணி கொஞ்சம் புடிச்சு வைங்க, நாங்க கண்மாய்க் கரையப் பாத்துட்டு வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். நீங்கள் பாட்டிலை அலசினீர்கள். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப அலசினீர்கள். மோட்டார் இருந்த பக்கம் பார்த்தீர்கள். அப்புறம் உள்ளே வந்து, விடிகாலையில் நான் ஊருணியிலிருந்து தூக்கி வந்த குடத்தைச் சாய்த்துப் பாட்டிலை நிறைத்தீர்கள். தோள் துண்டால் துடைத்துத் திண்ணையில் வைத்தீர்கள்.

எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை அய்யா. நம் வீட்டில் போரில் வருகிற உப்புத் தண்ணீர் பாத்திரம் கழுவவும் மாட்டுக்கும்தான். வீடு தேடி வந்தவர் கையில் அதை யார் கொடுப்பார்கள்? அஞ்சல்காரருக்கும் வளையல்காரிக்கும்கூட ஊருணித் தண்ணீர்தானே கொடுக்கிறோம்.

கொஞ்ச நாளில், பார்த்த இடங்களில் நம் புஞ்சைதான் முதலில் இருக்கிறது என்று சேதி வந்தது. காளிமுத்து மாமா உங்களுக்குத் துண்டு போர்த்தினார். "இனிமே எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா மச்சான்? மீனுக்குச் சம்பந்தி ஆயிட்டீகளே!" அன்றைக்கு நீங்கள் நடந்த நடையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

முடிவு சொல்லுமுன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வந்த அதிகாரிகள், தாங்களே மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். அந்த அக்கா உப்பை அளக்கிற கருவி ஒன்றை அதில் விட்டுப் பார்த்து, துடைத்துவிட்டு மறுபடி விட்டார். பெரியவர் ஒரு வாய் வைத்துத் துப்பினார்.

"அன்னைக்குக் கொடுத்தது எந்தத் தண்ணி?"

"ஊருணித் தண்ணி சார்."

"ஏன்யா?"

"ஒங்க கையில எப்படி சார் உப்புத் தண்ணியக் குடுக்குறது?"

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நாங்க குடிக்கவா கேட்டோம்?" என்றார். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தீர்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாத பிள்ளையைப் போல. அது எனக்குத் தெரிந்த பார்வை. வகுப்பில் நான் நின்ற நிற்பு அதுதான்.

மேற்கே கோயில் புஞ்சைக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. நம் தண்ணீர் உப்பு என்று முதல் நாளே தெரிந்திருந்தால் அதைப் பார்த்திருப்பார்கள். அதற்குள் திருவாடானைப் பக்கம் ஒரு ஊரை முடிவு செய்துவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்ததில் ஞாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நீங்கள் ஏமாற்றப் பார்த்தீர்கள் என்று சொன்னார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. துண்டு போர்த்திய மாமாவே, "ஒத்தப் பாட்டில் தண்ணியில ஊரையே முக்கிப்புட்டீகளே" என்று டீக்கடையில் வைத்துச் சொன்னார். அதற்கப்புறம் நீங்கள் டீக்கடைக்குப் போகவில்லை.

ஒரு சாயங்காலம் நீங்கள் மோட்டாரடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் கேட்டீர்கள்: "அம்புட்டு உப்பாவா ஆத்தா இருக்கு?" நானும் குனிந்து ஒரு வாய் குடித்தேன். "இல்லைய்யா" என்றேன். தொண்டை கரித்தது. நீங்கள் என் தலையில் ஈரக் கையை வைத்தீர்கள்.

அந்தக் கோடையிலேயே, கருவை மறுபடி துளிர்த்துவிட்டது என்று வெட்டப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். காளிமுத்து மாமாதான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வரை உங்கள் தலை அவர் மடியில்தான் இருந்தது. "மச்சான், நான் வெளையாட்டுக்குத்தான் சொன்னேன் மச்சான்" என்று வழியெல்லாம் அழுதார். உங்களுக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டும் அய்யா.

நான் இப்போதும் விடியுமுன் ஊருணிக்குப் போகிறேன். திரும்பி வரும்போது நம் புஞ்சையைப் பார்ப்பதில்லை. முள் உயரமாக வளர்ந்து மறைத்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

இன்று அந்த அக்கா வாசலில் நின்று என்னை உற்றுப் பார்த்தார். "நீ அந்த வீட்டுப் பொண்ணுதானே? அய்யா எங்கம்மா?" என்று கேட்டார்.

சுவரைக் காட்டினேன். உங்கள் படத்தில் நேற்றைய பூ வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து படத்தின் முன்னால் நின்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். திருவாடானைப் பக்கம் மையம் தொடங்கிவிட்டதாம். கொஞ்சம் உப்பைத் தாங்கி வளர்கிற மீனும் இருக்கிறதாம். நம்முடையது மாதிரிக் கரிக்கிற தண்ணீர் உள்ள ஊர்களில் அதை வளர்த்துப் பார்க்கப் போகிறார்களாம். அதற்காக ஊர் ஊராகத் தண்ணீர் எடுக்கிறார்களாம்.

"ஒங்க போர்த் தண்ணி வேணும்மா. அதேதான் வேணும்" என்று பாட்டிலை நீட்டினார்.

நான் பாட்டிலை வாங்காமல் உள்ளே போனேன். குடத்தைச் சாய்த்துச் செம்பில் ஊருணித் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். அப்புறம் பாட்டிலை வாங்கிக்கொண்டு மோட்டாரடிக்குப் போனேன். அலசினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப அலசினேன். குழாயில் வைத்து நிறைத்து, துப்பட்டாவால் துடைத்து, அவர் கையில் கொடுத்தேன்.