ரெண்டு கோட்டு வேண்டாம்

என்னங்க,

பஸ் டெப்போவுக்குக் கிளம்பிட்டேன். இன்னிக்கு டபுள் டூட்டி. சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு. பாப்பாவோட அரிப்புக்கு டாக்டர் குடுத்த க்ரீம் டியூப் கண்ணாடிக்குப் பக்கத்துல. நீங்கதான் பூசணும், வேற ஆளே இல்ல.

அன்னிக்கு, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி ரெண்டு கோட்டு, மூஞ்சியில கூட அப்பிட்டீங்கன்னு கத்தினேன், வாஸ்தவம். அதுக்காக இனிமே டியூபையே தொட மாட்டேன்னு முறுக்கிக்கிட்டா எப்படி? நான் இல்லாத நாளெல்லாம் மருந்தே இல்லாம, பாப்பா முழங்கை மடிப்பைச் சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம். பார்க்கவே முடியலங்க.

டாக்டர் சொன்னதுதான்: உங்க ஆள்காட்டி விரல் நுனியிலேர்ந்து முதல் மடிப்புக் கோடு வரைக்கும் பிதுக்குங்க. ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். சிவந்த இடத்துல மட்டும், மெல்லிசா, ஒரே தடவை. மூஞ்சிக்குக் கூடாது. மேல துணி சுத்தாதீங்க. பூசிட்டுக் கை கழுவுங்க.

கெஞ்சிக் கேக்குறேன்.

சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட.

இதை எழுத வேணாம்னு பார்த்தேன். காலையில தலை வாரும்போது பாப்பா என்கிட்ட கேட்டா: "என் தோல் அசிங்கமா இருக்குன்னுதான் அப்பா தொட மாட்டேங்கிறாராம்மா?"

நான் என்னங்க சொல்லட்டும்?