அமாவாசைக்கு வந்த வால்நடுங்கி

புரட்டாசி 13, ஞாயிறு

விடியலில் லேசான குளிர். ஃபேன் ஒன்றில். பால்காரப் பையாவிடம் அரை லிட்டர் கூடுதல். துளசிக்குத் தண்ணீர்.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு இவர் படி இறங்கக் கூடாது. மற்ற வருஷம் இந்நேரம் யமுனைக் கரைக்குப் போய், மலைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் குருவிகளைப் பார்த்துவிட்டு வருவார். இப்போது பால்கனி நாற்காலிதான். "இந்த வருஷம் எனக்கு ஒண்ணும் கிடையாது" என்றார். பெருமாளே.

15, செவ்வாய்

அந்தக் குருவிகளில் ஒன்று வந்துவிட்டது! துணிக்கொடியில். கருப்பு முதுகு, செங்கல் நிற வயிறு. உட்கார்ந்தால் வால் வெடவெட. இவர் வைத்த பெயர் வால்நடுங்கி. நான் வழக்கம்போல் கைப்பிடிச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைக்க, மூன்று காக்காய். குருவி ஓட்டம்.

"உங்கம்மாதான் வெரட்டிட்டாங்க" என்றேன்.

"உயிரோட இருந்தப்பவே வாசல்ல ஒருத்தர நிக்க விட்டதில்லையே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் சிரிப்பு. தையல் வலிக்கிறதாம்.

16, புதன். மகாளய அமாவாசை

தர்ப்பணம் ஆயிற்று. வாழைக்காய், பூசணிக் கூட்டு, பாயசம் (இவருக்கு இரண்டு ஸ்பூன்).

குருவி மறுபடி கொடியில். அதனால் காக்காய் சோறு பின்பக்கம், சமையலறை ஜன்னலில். கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. காக்காய் இல்லை. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மா எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா, ஆன்ட்டிஜி?" என்ன ஆச்சாம்.

காக்காய் தொடாமல் இவர் சாப்பிட மாட்டார். சர்க்கரை மாத்திரை காலையிலேயே உள்ளே போயாச்சு. மணி ஒன்று. சர்க்கரை இறங்கி நெற்றியில் வியர்வை.

"முன்னாடி வெச்சுடறேன். உடனே வந்துடும்."

"வேணாம். குருவி பறந்துடும்."

கேட்கவில்லை நான். இன்னொரு இலையில் கொஞ்சம் சோறு, கைப்பிடிச் சுவரில். குருவி பறக்கவில்லை. தத்தித் தத்தி வந்து, இலையோரத்து எறும்பைக் கொத்தியது. கூடவே ஒரு பருக்கை.

"போதும். இலையப் போடு."

"காக்கா தொடலையே?"

"எதுல வரணும்னு அம்மாவுக்குத் தெரியாதா? எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கு. பசிக்குது, போடு."

போட்டேன். இரண்டு தடவை கூட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்று மணி, பாத்திரம் தேய்க்கும்போது பின் ஜன்னலில் ஒரு காக்காய். ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு என்னையே முறைத்தது. இவரிடம் சொல்லவில்லை.