பெரியப்பாவோட வாட்சும் என் ஊமை வாயும்

என் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதறது. இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்னு நம்பறேன். உன் அப்பாவுக்கு இருமல் விட்டுப் போச்சு. பக்கவாதம் வந்து நம்மகூட இருக்கிற பெரியப்பா இப்ப கைத்தடி பிடிச்சு ஹால் வரைக்கும் வந்துடறார், பேச்சும் தெளிஞ்சுடுச்சு. ஆனா அவர் விஷயத்துல நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்டி, போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன்.

கப்பல்ல இன்ஜினியரா சேர்ந்த புதுசுல அவர் ஆசைப்பட்டு வாங்கின அந்த உசத்தியான வாட்ச் நின்னு போச்சு. ரிப்பேருக்குக் கொடுக்கறப்ப, ஓட வெச்சாப் போதும்மா, எதையும் மாத்த வேண்டாம்னு தெளிவாத்தான் சொன்னார். கடைக்காரரும் கேட்டார், டயல் பழுத்துப் போயிருக்கு, முள்ளு கறுத்திருக்கு, சாவி கொடுக்கிற குமிழ் வழவழன்னு தேஞ்சிருக்கு, அப்படியே விடறதா மாத்தறதான்னு. அந்த ஞாயித்துக்கிழமை உன் அண்ணனுக்குப் பொண்ணு கொடுக்கறவங்க வர்றதா இருந்தாங்க. அவங்க முன்னாடி அந்த அழுது வடியற வாட்சைக் கட்டிக்கிட்டு உக்காருவாரேன்னு எனக்குக் கூச்சம். எல்லாத்தையும் மாத்திடுங்கன்னுட்டேன். பளபளன்னு வந்துச்சு. பெரியப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இது என்னோடது இல்லையேன்னார். பாலிஷ் போட்டிருக்காங்கன்னு மழுப்பினேன். அவர் விடல, வந்தவங்க எதிர்லயும் என் வாட்ச் எங்கேன்னு கேட்டார். அவங்க அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல, நம்ம சோபா ஸ்பிரிங் குத்தி நெளிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. உன் அப்பாவுக்குத்தான் முகம் செத்துப் போச்சு, தன் அண்ணாவுக்கு ஞாபகம் தப்புதுன்னு. மறுநாளே டாக்டர்கிட்ட சொல்லி ஸ்கேன் எடுக்க ஏற்பாடு பண்ணிட்டார். அப்பவும் நான் வாயைத் திறக்கல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்ட உன் அப்பாகிட்ட, எனக்கு நிஜமாவே புத்தி போயிடுச்சாடான்னு பெரியப்பா கேட்டார். அதுக்கு மேல தாங்க முடியாம எல்லார் முன்னாடியும் கொட்டிட்டேன். உன் அப்பா அன்னிக்கெல்லாம் என்கூடப் பேசல. பெரியப்பா மட்டும், அப்ப நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார். திட்டியிருந்தா தேவலை.

கடைக்கு ஓடினேன். நல்லவேளை, கழட்டினதையெல்லாம் கடைக்காரர் தூக்கிப் போடல. டயலும் முள்ளும் பழையபடி ஏறியாச்சு. குமிழ் மட்டும் புதுசே இருக்கட்டும், மரத்த விரலுக்கு இதான் பிடி கிடைக்குதுன்னு பெரியப்பா சொல்லிட்டார். நிஜமாச் சொன்னாரோ, என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாரோ தெரியல.

நேத்து என்கிட்ட இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டார். புதன்னு சொன்னேன். சரிம்மான்னு தலையாட்டிட்டு, மெல்ல நடந்து போய் உன் அப்பாகிட்டயும் அதையே கேட்டார். அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.

நீ போன் பண்ணறப்ப அவர்கிட்ட குழந்தைக்குச் சொல்ற மாதிரி கத்திப் பேசாதே, எப்பவும் போலப் பேசு. குளிருக்குக் காதை மூடிக்கோ. எந்தக் குறையும் இல்லாம நீ நல்லா இருக்கணும்.

உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டாத,
அம்மா