வார்டனும் தகரப் பாத்திரமும்

அம்மா, உன் வாலில்லாத குரங்கு எழுதுகிறேன். முட்டிவலி குறைந்ததா?

அரசாங்கத்தை ஆங்கிலத்தில் ‘டின்-பாட்’ என்று திட்டுவது ஏன் என்று வகுப்பில் கேட்டார்கள். மலிவான தகரப் பாத்திரம் பளபளக்கும், தட்டினால் ஊரைக் கூட்டும், கீழே விழுந்தால் நசுங்கும். வெத்து அதிகாரம் காட்டும் ஆட்சிக்கு அதனால்தான் அந்தப் பெயர் என்றேன்.

“உதாரணம் சொல்லுடா,” என்றார் வாத்தியார்.

“நம்ம ஹாஸ்டல் வார்டன், சார்!”

சாயங்காலமே சேதி காதுக்கு எட்டி, வார்டன் மேஜையைத் தட்டினார். “யாருடா தகரம்? லீவுக்கு நீ வீட்டுக்குப் போகக் கூடாது!”

சோற்றில் புழு நெளிந்தபோது வாயே திறக்காத மனுஷன்.

நீ கவலைப்படாதே. எவர்சில்வர் டம்ளர் ஒன்று வேண்டும். இங்கே தரும் தகர டம்ளரில் தண்ணீர் துரு நாறுகிறது. தபாலில் போடாதே, நசுங்கிவிடும். நீயே கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் நிற்பேன்.

மணி அடித்துவிட்டது.

உன் மகன்