முன்னமே கொடுத்த ஊர்

ஆடி 23, வெள்ளி
நகரி, ஆந்திரா

படுத்தும் தூக்கம் வரவில்லை. காலையில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவில், சிதறிக் கிடந்த இத்தாலியை ஒரே நாடாக்கிய அமைச்சரைப் பற்றிப் பாடம் எடுத்தேன். பிரான்சின் படை உதவிக்கு விலையாக நீஸ் என்ற ஊரை அவர் விட்டுக்கொடுத்ததைச் சொன்னேன். இன்று இத்தாலியில் ஊருக்கு ஊர் அவர் பெயரில் தெருவும் சிலையும் இருப்பதையும் உற்சாகமாகச் சொன்னேன்.

சுதா எழுந்தாள். "அந்த நீஸ்காரங்க அவர் சிலைக்கு மாலை போடுவாங்களா சார்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, அந்த ஊர் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்கள் என்றேன்.

"முன்னமே குட்த்துட்டு, அப்பறமா கேட்டாங்களா?"

ஆமாம். ஒப்பந்தம் முதலில், ஓட்டு பிறகு. மணி அடித்ததால் தப்பித்தேன்.

மாலையில் தலைமையாசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். "தமிழ் செக்‌ஷன தெலுங்கோட சேத்துட்டாத்தான் நம்ம ஸ்கூல் நிக்கும் சார். மேல பேசி முடிச்சிட்டேன். திங்கக்கெழம பேரண்ட்ஸ வரச்சொல்லி, அவங்க இஷ்டம் என்னன்னு கேட்டுடுங்க. நீங்க சொன்னா ஒத்துக்குவாங்க."

பள்ளியே மூடிப்போவதற்கு இது மேல் என்று அவர் நினைப்பதில் தப்பில்லை. எனக்கும் வேறு வழி தோன்றவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சுதாவின் அம்மாவும் திங்களன்று வருவாள். கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுவாள். எப்போதும்போல் பக்கத்தில் இருக்கும் மகளைத் தட்டி, "நீயே கேளுடி" என்பாள்.