குமிழ் இல்லாத அடுப்பும் பெண்ணாடத்துச் சம்பந்தமும்

விருத்தாசலம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் செல்வனுக்கு அம்மா தங்கம்மாள் எழுதுவது. இங்கே அப்பாவும் தங்கச்சியும் நானும் சுகம், கண் எரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கோயிலில் சொல்லி வைத்திருக்கிறேன். என் எழுத்து கோணலாக வரும் என்பதால் நான் சொல்லச் சொல்ல அன்புக்கரசி எழுதுகிறாள். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். அம்மாவால் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. கண்ணாடி என் பையில்.) உன்னோடு தங்கியிருக்கிற ஜைத்தூன் பீவி மகன் அப்துல்லா வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான், முறுக்கு டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நான் ஆரம்பித்ததுமே இவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், பேச முடியவில்லை.

எல்லாம் உன் கல்யாண விஷயம்தான். பெண்ணாடத்துத் தமிழினியை உனக்குப் பிடித்துவிட்டது, அவளுக்கும் உன் போட்டோ பிடித்திருந்தது. (போட்டோவில் நீ பேசவில்லை அல்லவா.) அவர்கள் நம் வீடு பார்க்க வருவது ஒன்றுதான் பாக்கி. நாங்கள் பெண் பார்க்கப் போன அன்றைக்கு, பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே அவள் அப்பா பழமலைநாதன், "கேஸுல ஆக்குற கொழம்புல என்னாங்க இருக்குது? எங்கம்மா கரும்புச் சோகைய எரிச்சி ஆக்குனது இன்னும் நாக்குல நிக்குது" என்றார். உன் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க வூட்ல இன்னிக்கும் வெறவு அடுப்புதாங்க, வந்து சாப்ட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். கேஸ் வந்த வருஷமே நம் அடுப்பை இடித்து வாழை மரத்தடியில் கொட்டியவள் நான். பொய் தெரிந்தால் இந்த வீட்டுக்குப் பெண் கொடுப்பார்களா, எனக்கு அன்று முதல் தூக்கமே இல்லை.

அந்த அடுப்பு உனக்கு நினைவிருக்கும். முந்திரி மிளாறு நன்றாக எரியும், மழைக்காலத்தில் அதுவும் நமுத்துப்போய் என் உயிரை எடுக்கும். சட்டியின் அடியில் கரி பிடிக்காமல் இருக்க மண் பூசி ஏற்றுவேன். மரத்தூள் அடுப்பும் ஒன்று வைத்திருந்தோம், நடுவில் பாட்டிலை நிறுத்தித் தூளை இடித்து நிரப்பிவிட்டுப் பாட்டிலை உருவ வேண்டும். நான்தான் உருவுவேன் என்று நீ அடம்பிடிப்பாய், உருவும்போது மொத்தமும் சரியும், முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டு மறுபடி நிரப்புவாய். (நான் பிறக்காத காலம். அதனால்தான் வீட்டில் அடுப்பு மட்டும் புகைந்திருக்கிறது.)

அவர்கள் வருவதற்குள் அப்பா கடையிலிருந்து ஒரு மண் அடுப்பு வாங்கி வந்திருக்கலாம். செராமிக் பட்டறையில் இத்தனை வருஷம் கரண்டுப் பெட்டிக்குப் பீங்கான் பியூஸ் கட்டை வார்த்தவருக்கு அது கௌரவக் குறைச்சலாம். தானே ஓர் அடுப்பு செய்து, சூளையில் வேகவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர்கள் தொழிலில் கொஞ்சம் கோணினாலும் உடைத்துப் போட்டுவிடுவார்கள். அதனால் அடுப்பின் வாயில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, நூல் பிசகாமல் சமமாக்கியிருந்தார். மேலே வெள்ளைப் பளபளப்பு, பக்கத்தில் நீலப்பூ. (அடுப்பா அது? வாஷ்பேசினுக்கு அண்ணன்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் பற்ற வைத்தேன், ஜோராக எரிந்தது. கோழிக் குழம்புச் சட்டியை ஏற்றினேன், அணைந்தது. இறக்கினால் எரிகிறது, ஏற்றினால் அணைகிறது. அடுப்பு பற்றவில்லை, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. (ஊதியம் இல்லாமல் ஊதியவள் நான்.) இந்தப் புத்திசாலி போய் ஒரு கூடை முந்திரிக் கொட்டைத் தோலை அள்ளி வந்து உள்ளே போட்டாள். அதில் இருக்கும் எண்ணெய் உனக்குத் தெரியுமே, கரும்புகை தெருவுக்கே போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் கண்ணீரும் மூக்குமாக வாசலுக்கு ஓடி வரவும் அவர்கள் காரை விட்டு இறங்கவும் சரியாக இருந்தது. தமிழினி அம்மா பானுமதி பழத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எப்பங்க ஆச்சி? ஒரு வார்த்த சொல்லலியே!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பழமலைநாதன் செருப்பைக் கழற்றிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்பாவோ இருமுகிறார், அது விம்முகிற மாதிரியே இருக்கிறது. (அந்த நேரத்தில் எடுத்திருந்தால் அதுதான் அண்ணா புகைப்படம்.) நான்தான் கரண்டியும் கையுமாக, "யாரும் சாவலீங்க, கொழம்புதான் வேவல" என்றேன்.

பானுமதி உள்ளே வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, குமிழ் எங்க?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சட்டியைத் தூக்கிப் பிடிக்க அடுப்பு வாயில் மூன்று குமிழ் இருந்தால்தானே காற்று போகும், தீ எரியும்? இத்தனை வருஷம் விறகில் ஆக்கிய எனக்கே அது மறந்துபோயிருந்தது. அப்பா விடுவாரா, "குமிழு வச்சா மட்டம் போயிடுங்க" என்றார். பழமலைநாதன் அவரை மேலும் கீழும் பார்த்து, "அப்ப இது எத்தினி நாளா இருக்குதுங்க?" என்று கேட்டார். அப்பா நீலப்பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, "போன வாரம் பண்ணதுங்க, நீங்க வரீங்கன்னுதான்" என்று சொல்லிவிட்டேன். சம்பந்தம் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் பானுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "இவரு மட்டும் என்னாங்க, ஒரு நாளு குனிஞ்சி ஊதியிருப்பாரா? ருசி மட்டும் நாக்குல நிக்குதாம்!" என்றதும் அந்த மனுஷரும் அசடு வழிந்தார். அப்பா மூன்று பியூஸ் கட்டையை எடுத்து வந்து வாயைச் சுற்றி வைத்தார். தீ குபுகுபுவென்று எழுந்தது. சாப்பிடும்போது மணி மூன்றரை, பழமலைநாதன் மூன்று தடவை குழம்பு கேட்டார்.

வீட்டைக் காட்டுவதற்காகப் பானுமதி தமிழினிக்கு வீடியோவில் போட்டார். அந்தப் பெண் அடுப்பைப் பார்த்துச் சிரித்து ஓய்ந்த பிறகு, "ஆம்பளைங்க எல்லாரும் ருசியத்தான் பேசுறீங்க. அவருக்கு ஒரு ரசமாவது வைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். அப்பா உடனே, "பிரமாதமா வைப்பாம்மா!" என்றார். வருகிற ஞாயிறு அவள் உன்னை வீடியோவில் கூப்பிடுவாள், நீ ரசம் வைக்க அவள் பார்ப்பாளாம், சம்மதம் அதற்கப்புறம்தான். உனக்குச் சுடுதண்ணீர் வைப்பதே தகராறு என்று எனக்குத் தெரியும். புளியைக் கரைத்து வை, ரசத்தைக் கொதிக்க விடாதே, நுரை கட்டியதும் இறக்கு. அதுவும் கைகூடாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு அவளையே கேட்டுக் கேட்டு வை. அப்பா மாதிரி அளக்காதே.

நீயும் அந்தப் பெண்ணும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வை. அப்துல்லாவுக்கும் முறுக்கு கொடு.

உன் அம்மா,
பா. தங்கம்மாள்

(அண்ணா, அப்துல்லா அண்ணனை ரசம் வைக்கச் சொல்லிவிட்டு நீ கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று அப்பா ரகசியமாக யோசனை சொல்வார். செய்யாதே. உனக்குச் சமையலில் ஒன்றும் தெரியாது என்று நான் அண்ணியிடம் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போனில் சொல்லிவிட்டேன். அதைத் தெரிந்துகொண்டுதான் ரசம் வைக்கத் தெரியுமா என்று கேட்டார்.)