காரியின் முதுகில் ஒரு கொக்கு

கோச்சடை,
தாது வருஷம், தை மாதம் 7ஆம் தேதி

சௌபாக்கியவதி அன்னக்கொடிக்கு உன் அம்மா எழுதுவது. நம் அய்யனார் புண்ணியத்தில் இங்கே மனிதர், மாடு, கோழி அத்தனை பேரும் சௌக்கியம். அங்கே ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் நாத்தனாரும் சௌக்கியம்தானா, உன் வயிற்றில் இருப்பது உதைக்க ஆரம்பித்துவிட்டதா, சோறு தங்குகிறதா என்று ஒன்று விடாமல் எழுது. உன் கடிதம் மார்கழி பிறந்தபோதே வந்துவிட்டது. பதில் இத்தனை தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நாத்தனார் தங்கப்பொண்ணோடு இனி ஒரே வீட்டில் இருக்க முடியாது, அவளை ஊருக்கு அனுப்பச் சொல்லி ஐயா மாப்பிள்ளைக்கு எழுத வேண்டும் என்று கேட்டிருந்தாய். நான் வாசித்து முடிப்பதற்குள் உன் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "எழுது புள்ள, அந்தப் பொம்பளைய அடுத்த கப்பல்ல ஏத்தி விடச் சொல்லி மாப்ளைக்கு இப்பவே எழுது" என்று ஒரே கூச்சல். இந்த வீட்டில் பசுமலைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். பேனா என் கையில் இருந்ததால் பிழைத்தோம். பொங்கல் போகட்டும் என்று சாக்குச் சொல்லித் தள்ளி வைத்தேன். அந்தச் சமயத்தில் அவர் இருந்த இருப்புக்கு யாரைப் பற்றிக் கேட்டாலும் கப்பலேற்றத்தான் சொல்லியிருப்பார், ஏனென்றால் உன் காளை காரிக்கு உடம்பு சரியில்லை. பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறான். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் ஐயா பின்னால் நின்று என்ன எழுதுகிறாய் என்று கேட்கிறார், உனக்கு மாவடு போடும் பக்குவம் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தாய் செத்த கன்றுக்கு மூங்கில் குழாயில் பால் புகட்டி நீ வளர்த்தாயே, அந்தக் காரி இப்போது திமில் எழும்பி, கொம்பு விரிந்து, பார்த்தவர்கள் ஒதுங்கி நடக்கிற காளையாகிவிட்டான். போன பொங்கலுக்கு அவனை முதல் தடவையாக அவனியாபுரம் சல்லிக்கட்டுக்கு ஓட்டிப்போனார்கள். அங்கே உன் மாமன் முத்திருளன், என் கூடப்பிறந்தவன் என்று சொல்லவே சில நேரம் கூச்சமாக இருக்கிறது, ஊர்ச் சனம் அத்தனை பேர் முன்னால் காரியின் முதுகைக் காட்டி, "என்ன மாப்ள, மாட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சுல்ல கூட்டியாந்திருக்கீரு" என்று கேட்டுவிட்டான். கண்மாய்க் கரையில் மேய்கிற மாட்டின் முதுகில் உண்ணிக்கொக்கு உட்காரும், உட்கார்ந்தால் எச்சமிடும், கருப்பு மாட்டில் அது பளிச்சென்று தெரியும், இதில் என்ன அதிசயம். ஆனால் உன் ஐயாவுக்கு அந்தச் சிரிப்பு வருஷம் முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தத் தீபாவளி முடிந்த கையோடு அடுத்த பொங்கலுக்குக் காரி கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டார். கரை மேய்ச்சலை நிறுத்தித் தொழுவத்திலேயே கட்டிப்போட்டார். சுற்றிலும் கயிறு கட்டிக் காய்ந்த பனங்காவோலையைத் தொங்கவிட்டார், காற்றடித்தால் அது சலசலவென்று போடுகிற சத்தத்தில் எனக்கே தூக்கம் போயிற்று. அதுவும் போதாதென்று தலையில் சிவப்புத் துண்டும் கையில் கவணுமாகக் காவல் நின்றார். கொக்கு போயிற்று, மைனா போயிற்று, வால் நீண்ட கரிச்சான் கூட வேறு வேலியைப் பார்த்துப் போய்விட்டது. போகாதது காக்கை ஒன்றுதான். காவோலையும் கவணும் அதற்கு விளையாட்டுச் சாமான்.

கார்த்திகை பாதிக்குள் காரி தீனி எடுப்பது குறைந்தது. பருத்திவிதையை ஆட்டி வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். விலா எலும்பு தெரிந்தது. உன் ஐயாவுக்கு உடனே தெரிந்துவிட்டது, இது கண்ணேறுதான் என்று. யார் கண் என்று நீ நினைக்கிறாய், என் அண்ணன் பெண்டாட்டி கண்ணாம்! அவள் புரட்டாசியில் வந்து காரியைப் பார்த்து "எம்புட்டு அழகு" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டு வீடே இருமிற்று. கழுத்தில் கருப்புக் கயிறு ஏறிற்று, கொம்பில் எலுமிச்சம்பழம் ஏறிற்று. மாடு சொறிந்து சொறிந்து தூணில் தேய்ப்பதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்துத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவினார், தோல் உரிந்து புண்ணாயிற்று. புண்ணைக் கண்டதும் காக்கைக்குக் கொண்டாட்டம், கொத்திக் கொத்திப் பெரிதாக்கிவிட்டது. அப்போதுதான் உன் கடிதம் வந்தது என்றால் அவர் குதித்த குதிக்குக் காரணம் உனக்கே விளங்கும்.

ஒருநாள் காலையில் கழுநீர் வைக்கப் போனேன். நீ செய்வாயே, அந்த மாதிரி தாடையின் கீழ் தொங்குகிற அலைதாடியைத் தடவிக் கொடுத்தேன். கை முழுக்கப் பயறு பயறாக நெருடிற்று. தூக்கிப் பார்த்தால் உண்ணி, அன்னக்கொடி! அலைதாடி மடிப்பில், காதுக்குப் பின்னால், வால் அடியில், ரத்தம் குடித்துக் ஆமணக்குக் கொட்டைமுத்து மாதிரி உப்பிக் கிடக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாட்டுக்கு உண்ணி இருப்பது உலகத்தில் இல்லாததா என்று முதலில் எகிறினார். இருப்பதுதான், ஆனால் நாள்தோறும் பிடுங்கித் தின்ன ஆள் இருந்தது, அந்த ஆளைத்தான் நீங்கள் கவண் வைத்து விரட்டிவிட்டீர்களே என்றேன். கவணைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து கையால் பிடுங்கினோம், வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினோம். இன்று பிடுங்கினால் நாளைக்குத் தொழுவத்து மண்ணிலிருந்து மறுபடி ஏறுகிறது. அவனை அவிழ்த்துக் கரைக்கு ஓட்டுவதைத் தவிர வழியில்லை என்று அவரே சொல்லிக் காவோலையை அறுத்துப் போட்டார்.

சிரிக்காமல் படி. காரியைக் கரைக்கு ஓட்டிக்கொண்டு போனால் ஒரு கொக்கு கிட்டே வரவில்லை. மற்ற மாடுகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நடக்கிறதுகள், உன் ஐயா தலை தெரிந்தால் கூட்டமாகப் பறந்து எதிர்க்கரைக்குப் போய்விடுகிறதுகள். சிவப்புத் துண்டை எடுத்துவிட்டுப் போனார், அப்படியும் ஆளை அடையாளம் வைத்திருந்தன. என்னை ஓட்டிப் போகச் சொல்லவும் முடியாது, காரி இப்போது உன் ஐயாவைத் தவிர யார் கயிற்றுக்கும் அடங்குவதில்லை. கடைசியில் என்ன செய்தார் தெரியுமா, கொடியில் கிடந்த என் பழைய கண்டாங்கிச் சேலையைத் தலையோடு சுற்றிப் போர்த்திக்கொண்டு குனிந்து குனிந்து மாட்டோடு நடந்தார். கொக்கு ஏமாந்தது. எருமை மேய்க்க வந்த முத்துத்தாய் ஏமாறவில்லை, "என்ன மதினி, இன்னைக்கு மீசையோட வந்திருக்கீக" என்று கேட்டுவிட்டு எருமையை விட்டுவிட்டு ஊருக்குள் சொல்ல ஓடினாள். போதாததற்கு அன்றைக்குத்தான் உன் மாமன் எனக்குப் பொங்கல்படி கொண்டு வந்தான். அரிசியும் வெல்லமும் கரும்புமாகக் கரைமேல் வந்தவன் சேலையைப் பார்த்து நான்தான் என்று நினைத்து "தங்கச்சி!" என்று ஆசையாகக் கூப்பிட, உன் ஐயா திரும்பிப் பார்த்திருக்கிறார். கரும்புக் கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம். சிரித்து ஓய்ந்து விஷயத்தைக் கேட்ட பிறகு, "நான் போன வருசம் வாயை வச்சதுதான மாப்ள இம்புட்டுக்கும்" என்று முகம் சுண்டிப்போனானாம். பிறகு அவனே தினமும் வேப்பெண்ணெய் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனான்.

நானும் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். கொக்கு ஒன்றும் காரியின் மேல் இரக்கப்பட்டு வரவில்லை. அவன் புல்லில் கால் வைத்தால் வெட்டுக்கிளி எழும்பும், அதைத் தின்னத்தான் காலடியிலேயே நடக்கிறது, தின்றது போதாவிட்டால் முதுகில் ஏறி உண்ணியைப் பார்க்கிறது. மைனா காதுப் பக்கம் வந்தால் இரண்டுக்கும் சண்டை, ஆளுக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்ட பிறகுதான் அமைதி. கரிச்சான் கொம்பில் உட்கார்ந்து, பறக்கிற ஈயைப் பிடிக்கிறது, காக்கை கிட்டே வந்தால் தலையில் கொத்தித் துரத்துகிறது. அதுவும் காரிக்காக இல்லை, காக்கை தன் கூட்டில் முட்டை திருடும் என்ற கோபத்தில்தான். அவரவர் தங்கள் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் கொஞ்ச நாளில் காரியின் புண் ஆறிவிட்டது.

பொங்கலன்று அவனியாபுரத்துக்கு ஓட்டலாமா வேண்டாமா என்று உன் ஐயா கடைசி வரை தவித்தார். மாடு இளைத்துத்தான் இருந்தது, ஆனால் காலையில் குலவைச் சத்தம் கேட்டதும் மண்ணைக் கீற ஆரம்பித்துவிட்டான். போனார்கள். திமிலில் புது எச்சம் ஒரு கோடு. உன் மாமன் தன் துண்டால் துடைக்கப் போனானாம், உன் ஐயா கையைப் பிடித்து, "இருக்கட்டும் மச்சான், அது கிடக்கட்டும்" என்றாராம். வாடிவாசலைத் தாண்டிக் காரி வந்ததைத்தான் பார்த்தார்கள், போனதைப் பார்க்கவில்லை. இளைத்த உடம்பு சிட்டாகப் பறந்துவிட்டது. திமிலைத் தொட்ட ஒருவன் புழுதியில் கிடந்தான், கொம்பில் கட்டிய துண்டு கொம்பிலேயே போயிற்று. நல்லதுதான், ஆனால் மாடு நிற்காமல் ஓடியே போய்விட்டது. பசுமலை அடிவாரத்தில் பார்த்ததாக ஒருவர், மாடக்குளத்துப் பக்கம் போனதாக ஒருவர். இரண்டு பேரும் வெயிலில் தேடி அலைகிறார்கள், எனக்கு வீட்டில் பானை பொங்கியும் மனம் பொங்கவில்லை. பொழுது சாய்கிற நேரம் ஏதோ தோன்றிக் கண்மாய்க்குப் போனேன். நம் துறையில் தண்ணீர் ஓரமாகக் காரி நின்று மேய்கிறான், கொம்பில் துண்டு, முதுகில் ஒரு கொக்கு. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சந்தோஷ அழுகைதான். கொஞ்ச நேரத்தில் உன் ஐயா செருப்பைத் தொலைத்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் காரியையே பார்த்துவிட்டு, "மாப்ளைக்கு ஒண்ணும் எழுத வேணாம் புள்ள. அந்தத் தங்கப்பொண்ணு அங்க எதைக் கொத்துறான்னு மொதல்ல நம்ம பிள்ளைக்கிட்டக் கேளு" என்றார்.

அதனால்தான் கேட்கிறேன் அன்னக்கொடி. உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி வாசித்தேன். இந்தக் கடிதத்தில் அவள் குழம்பில் உப்பு பார்க்கிறாள், எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறாள், தொண்டை கிழியப் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். போன ஆடியில் எழுதியதில், தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணிமார் நாலு பேர் சாயங்காலமானால் உங்கள் வீட்டில் கூடிக் கள்ளும் சீட்டுமாக இருந்தார்கள், அவர்களை நாத்தனார் விளக்குமாற்றோடு விரட்டினாள் என்று சிரித்து எழுதியிருந்தாய். உனக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தது யார் என்று எழுதவில்லை, மாப்பிள்ளை வைத்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவள் உன்மேல் உள்ள பாசத்தால் அங்கே இருக்கிறாள் என்று நான் சொல்ல மாட்டேன். புருஷனை இழந்தவள், தம்பி வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை, தன் வயிற்றுக்காகத்தான் இருக்கிறாள். இருக்கட்டுமே. எச்சம் விழுவது உனக்குக் கஷ்டம்தான், அதையும் இல்லை என்று சொல்லவில்லை. உனக்கு வலி எடுக்கிற நாளில் நான் பக்கத்தில் இருக்க முடியாது, நடுவில் அத்தனை பெரிய கடல் கிடக்கிறது. அன்றைக்கு உன் பக்கத்தில் தொண்டை கிழியப் பேசுகிற ஒருத்தி இருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் வீட்டில் இருப்பவள் நீ, நான் இல்லை. புண்ணைக் கொத்துகிறவள் என்றால் பொறுத்துப் போகச் சொல்லி ஒருநாளும் எழுத மாட்டேன். விரட்டுவதற்கு முன்னால் நன்றாகப் பார், அவ்வளவுதான்.

வெறும் வயிற்றில் தேத்தண்ணீர் குடிக்காதே, கனமான வாளியைத் தூக்காதே, தலைக்கு நல்லெண்ணெய் வைக்க மறக்காதே. மாமன் உனக்காக ஒரு பொட்டலம் சுக்கும் திப்பிலியும் கொடுத்திருக்கிறான், ஊரிலிருந்து யாராவது கப்பலேறினால் கொடுத்து விடுகிறேன். அய்யனார் உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் மாப்பிள்ளையையும், ஆமாம், தங்கப்பொண்ணையும் கண்போலக் காப்பார். உன் ஐயா இப்போது கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்கிறார், சேலை வருகிற இடத்தைத் தாண்டி வாசித்துவிடுவேன். நீ நன்றாகப் பார்த்து, அவள் கொக்கா காக்கையா என்று மறக்காமல் பதில் போடு. கொக்கு என்றால் நான் கேட்டதாகச் சொல்லி அவளுக்கு வெற்றிலை வாங்கிக் கொடு. காக்கை என்றால் ஒரு வரி எழுது போதும், உன் ஐயா என் கண்டாங்கியைச் சுற்றிக்கொண்டாவது கப்பலேறி வந்துவிடுவார்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
சீனியம்மாள்